ஞாபகம் இல்லீங்க

திருப்பூர்,
12.6.2003

அன்புள்ள நிர்மலா அக்காவுக்கு,

தம்பி டேனியல் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அந்த மலைக்காட்டில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? மலேரியா மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? போனில் பேசலாம் என்றால் உங்கள் ஆஸ்பத்திரி போன் கொரகொரவென்று இரைகிறது, ஹலோ சொல்வதற்குள் அறுந்துவிடுகிறது. நமக்குக் கடிதம்தான் வாய்த்தது.

வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வார்டில் என் பெயர் என்ன தெரியுமா? ‘பிசியோ தம்பி’. போன வாரம் மேட்ரன் எல்லோர் முன்னாலும், “தம்பி, அந்தம்மாளுக்குக் கொஞ்சம் காலைப் புடிச்சு உட்டுட்டு வாங்க” என்றார். நாலரை வருடம் படித்தது கால் பிடித்துவிடவா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆபரேஷன் ஆனவர்களை நான் போவதற்கு முன்பே நர்ஸுகள் எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவரைத் தாழ்வான ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். மூட்டு கழன்றிருந்தால்? நான் போய்ச் சத்தம் போட்டேன். “நாங்க பதினஞ்சு வருசமா இப்படித்தானுங்க பண்றோம்” என்று பதில் வந்தது.

நேற்று பெரிய டாக்டர் சிவசுப்பிரமணியத்தை நேராகவே பார்த்துவிட்டேன். யாரை எப்போது எழுப்புவது, எத்தனை எட்டு நடக்க விடுவது எல்லாம் பிசியோதெரபிஸ்டின் முடிவு, அதை எழுத்தில் தர வேண்டும் என்றேன். “பாக்கலாமுங்க” என்றார்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அம்மா முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்வதே இல்லை. நீங்களாவது எழுதுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
டேனியல்


ராயகடா, ஒரிஸ்ஸா,
29.6.2003

அன்புள்ள டேனியல் கண்ணுக்கு,

அக்காவின் வாழ்த்துகள். இங்கே மழை பிடித்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, மாத்திரையும் போடுகிறேன், அம்மாவிடம் சொல்.

உன் கடிதத்தை இங்குள்ள நர்ஸுகளுக்கு ஒரியாவில் சொல்லிக் காட்டினேன். நாங்கள் எட்டுப் பேர், டாக்டர் இரண்டு பேர், பிசியோதெரபிஸ்ட் என்று ஒரு ஆளே கிடையாது. வராந்தாவில் இரண்டு மூங்கிலைக் கட்டி வைத்து நான்தான் எல்லோரையும் நடக்கப் பழக்குகிறேன். நீ பார்த்தால் என் மேல் கேஸ் போடுவாய்.

ஆனால் அந்த ஸ்டூல் சமாச்சாரம் எனக்கே தெரியாது. இதுவரை எத்தனை பேரை அப்படி உட்கார வைத்தேனோ என்று திக்கென்றது. உன் படிப்புக்கு உண்டான மரியாதையை நீ கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. நீ ஒரு நோயாளியிடம் அரை மணி நேரம் இருப்பாய். மீதி நேரமெல்லாம் நாங்கள்தான் இருக்கிறோம்.

அம்மாவை அதட்டாதே.

அன்புடன்,
நிர்மலா அக்கா


திருப்பூர்,
18.7.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை.

ஜெயித்துவிட்டேன் அக்கா! பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் வார்டு போர்டில் தொங்குகிறது. “எலும்பு ஆபரேஷன் நோயாளிகளை எழுப்புவதும் நடக்க வைப்பதும் பிசியோதெரபிஸ்டின் பொறுப்பு. நர்ஸுகள் தலையிடக் கூடாது.” இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதே நான்தான்.

மேட்ரன் என்னோடு பேசுவதில்லை. ‘பிசியோ தம்பி’ போய் ‘சார்’ ஆகிவிட்டேன். நாகஜோதி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். உசிலம்பட்டிப் பக்கம், குடும்பமே இங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்கிறது. இருபத்து மூன்று வயதுதான் இருக்கும், வாய் சும்மா இருக்காது. நேற்று ஒரு அம்மாளைக் கட்டிலோரம் உட்கார வைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். போர்டைக் காட்டினேன். “தலை சீவுறதும் உங்க டிபார்ட்மென்டா சார்?” என்றாள். வார்டே சிரித்தது. நான் மேட்ரனிடம் எழுதிக் கொடுத்தேன். அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள்.

அது கொஞ்சம் அதிகம்தானோ என்று பிறகு தோன்றியது. ஆனால் இந்தச் சமயத்தில் விட்டுக்கொடுத்தால் பழையபடி ஆகிவிடும்.

பதில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
டேனியல்


ராயகடா,
3.8.2003

அன்புள்ள டேனியலுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

சந்தோஷம். அந்தத் தலை சீவிய பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. அவள் மேல் நீ எழுதிக் கொடுத்தது பிடிக்கவில்லை. வார்டில் ஒருமுறை திட்டு வாங்கிய நர்ஸ் அடுத்த முறை வாய் திறக்க யோசிப்பாள்.

காலையில் நோயாளியிடம் போகுமுன் நர்ஸுகள் எழுதி வைக்கும் குறிப்பை நீ படிக்கிறாயா? நீ சொன்னதில் அது வரவே இல்லை, அதனால் கேட்கிறேன்.

காலரா நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவ்வளவுதான் எழுத முடிந்தது.

அக்கா


திருப்பூர்,
30.8.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இங்கே ஒரு துக்கம் நடந்துவிட்டது. இசக்கிமுத்து என்று ஒருவர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர், திருநெல்வேலிக்காரர், முப்பது வயது. அவிநாசிபாளையத்தில் பஸ் மோதித் தொடை எலும்பு முறிந்து வந்தார். கம்பி வைத்து ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் காலை நடக்க வைக்கப்பட்டபோது அப்படியே சரிந்துவிட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் பெரிய டாக்டர். எவ்வளவோ பார்த்தோம்.

விசாரணை வைத்தார்கள். கால் வீங்கியிருப்பதை நர்ஸ் காலையிலேயே குறிப்பில் எழுதியிருக்கிறாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை என்று முடிவானது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நாகஜோதிதான்.

மனசு சரியில்லை. அம்மா உங்களைக் கேட்டார்.

டேனியல்


ராயகடா,
14.9.2003

அன்புள்ள டேனியல்,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வயது! அவருக்குக் குடும்பம் உண்டா? நீ எழுதவில்லையே.

இன்னொன்றும் நீ எழுதவில்லை. “நடக்க வைக்கப்பட்டபோது” என்று எழுதியிருக்கிறாய். யார் நடக்க வைத்தது? உங்கள் போர்டில் தொங்கும் தாளின்படி நீதானே? வீக்கத்தைப் பார்த்து, குறிப்பிலும் எழுதியவள் பக்கத்தில் நிற்கும் உன்னிடம் சொல்லாமலா இருந்தாள்? தலை சீவியதற்கே பதில் சொன்ன பெண், இதற்கு வாய் திறக்கவில்லையா?

கண்ணு, நான் உன்னைக் குற்றம் சாட்டவில்லை. பதினாறு வருடம் வார்டில் நின்றவள், எனக்கு இது பொருந்தி வரவில்லை. உடனே எழுது. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

அக்கா


திருப்பூர்,
6.10.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? இங்கே நல்ல மழை. அம்மா இப்போது முழங்கால் பயிற்சியைத் தவறாமல் செய்கிறார். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்கிறார். மூலனூர் சந்தையிலிருந்து மாமா ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்தார். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

டேனியல்


ராயகடா,
20.10.2003

டேனியல்,

முருங்கைக்காய் பற்றி நான் கேட்கவில்லை.

அந்த மனிதர் சரிந்தபோது பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றது யார்?

அக்கா


திருப்பூர்,
9.11.2003

அக்கா,

நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆனது. மீதியையும் சொல்லிவிடுகிறேன், நிறுத்தினால் பிறகு எழுதமாட்டேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு வார்டுக்குப் போனேன். குறிப்பைப் படிக்கவில்லை. நீங்கள் கேட்டிருந்தீர்கள், அதற்கு இதுதான் பதில், நான் எப்போதும் படித்ததில்லை. வாக்கரை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்துவின் கட்டிலுக்குப் போனபோது நாகஜோதி குறுக்கே வந்து நின்றாள்.

“சார், இன்னைக்கு வேணாம் சார். இந்தக் கெண்டைக்கால் கல்லு கணக்கா இருக்கு, தொட்டாச் சுடுது. டாக்டரு தியேட்டருக்குள்ள இருக்காரு, வந்து ஒரு தடவை பாத்துக்கிறட்டும்.”

ஆபரேஷன் செய்த கால் வீங்கத்தான் செய்யும் என்றேன். “இது அந்த வீக்கம் இல்ல சார்” என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து அந்தக் காலைத் தொட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும் அக்கா. படித்தவன்தானே. நான் தொடவில்லை. தொட்டால் அவள் பேச்சைக் கேட்டதாகிவிடும் என்று நினைத்தேன். “நடக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கறேன். தள்ளுங்க சிஸ்டர்” என்றேன்.

அவள் தள்ளி நின்றாள்.

ஆறு எட்டு எடுத்து வைத்தார். ஏழாவதற்கு மூச்சு வாங்கியது. என் கையிலேயே சரிந்தார். அவருடைய கண்ணை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை அமுக்கத் தொடங்கியதே அவள்தான், நான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விசாரணையில் பெரிய டாக்டர் கேட்டார், “நர்ஸ் உங்ககிட்ட வீக்கத்தைப் பத்திச் சொன்னாங்களாங்க?” நான், “ஞாபகம் இல்லீங்க” என்றேன். இல்லை என்று சொல்லவில்லை, ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னேன். அப்போது எனக்கு அது பொய் மாதிரியே தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நாகஜோதி என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்விட்டாள்.

என்ன செய்வது என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

டேனியல்


ராயகடா,
2.12.2003

அன்புள்ள டேனியல் கண்ணுக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை.

இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம். போனவர் போய்விட்டார். நீ இப்போது வாய் திறந்தால் அவர் வரப்போவதில்லை. உன் படிப்பு, வேலை எல்லாம் போகும், அம்மா தாங்கமாட்டார். போலீஸ் கேஸ் ஆனாலும் ஆகும். வருடம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. எங்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் தேவை, டாக்டரிடம் நான் பேசுகிறேன். அந்தப் பெண் சின்ன வயசு, படித்திருக்கிறாள், வேறு எங்காவது வேலை கிடைத்துவிடும்.

என் கடிதங்களையும் உன் கடிதத்தின் நகல் இருந்தால் அதையும் கிழித்துப் போடு. யாரிடமும் பேசாதே. அம்மாவுக்குத் தெரியவே கூடாது.

உனக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


திருப்பூர்,
19.12.2003

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நானும் உடம்பளவில் சுகம்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

மூன்று வாரம் பதில் வராததும், நான் செய்ததைப் படித்த பிறகு அக்காவுக்கு எனக்கு எழுதவே பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பைத் தாங்க முடியவில்லை. போன மாதக் கடைசியில் நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பெரிய டாக்டரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். “முடிஞ்சு போனதை எதுக்குங்க தம்பி இப்பக் கெளர்றீங்க? உங்களுக்கும் கெட்ட பேரு, ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பேரு” என்றார். தாளை மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டினார். மறுநாளிலிருந்து நான் வர வேண்டாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார்.

இன்னொரு நகல் எழுதியிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு நாகஜோதியைத் தேடிப் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நிற்கிறாள். டீ நேரத்தில் வாசல் கேட்டுக்கு வந்தாள், தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. தாளை வாங்கிப் படித்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க பொய் சொன்னீங்க, அது உங்க பாடு சார்” என்றாள். “நீங்க தள்ளுங்கன்னதும் நான் தள்ளி நின்னேன் பாருங்க. முன்னாடி ஒருதரம் வசவு வாங்கிட்டோம், மறுபடியும் எதுக்குன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அந்தக் கட்டில்லயே உக்காந்து, செய்யிறதைச் செய்யுங்கன்னு கத்தியிருந்தா அந்த ஆளு இருந்திருப்பாரு. இந்தத் தாளு அதுக்கு என்ன செய்யும்?”

தவறு முழுவதும் என்னுடையது, அவள் எதற்காக அதைச் சுமக்கிறாள்? அப்படித்தான் அவளிடமும் சொன்னேன். மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள். தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள். அதை மேட்ரனிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். போர்டில் இருக்கும் கடைசி வரியை எடுத்துவிட்டு, நோயாளிக்கு ஆபத்து என்று பட்டால் நர்ஸும் நிறுத்தலாம் என்று எழுதினால்தான் வருவேன் என்றாளாம். இன்னும் எழுதவில்லை. அவளும் போகவில்லை.

பிறகு இசக்கிமுத்துவின் வீட்டுக்குப் போனேன். ஆமாம் அக்கா, குடும்பம் உண்டு. மனைவி பெயர் நதியா, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பல்லடம் ரோட்டுக்கு உள்ளே, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் இதைத்தான் கேட்டார்:

“அவிய கடைசியா என்ன சொன்னாவ?”

உங்களுக்குக்கூட நான் இதை எழுதவில்லை. “ஆறு வச்சாச்சு சார், நாளைக்குப் பத்து வச்சுருவேன்” என்றார் இசக்கிமுத்து. சிரித்துக்கொண்டே சொன்னார்.

“பொறவு?”

“அப்புறம் ஒண்ணும் பேசலைங்க.”

குழந்தை வந்து என் செருப்பை இழுத்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “இனிம இந்த வாசல்ல நிக்காதீய. ஆனா எங்கண்ணன் கூப்புடுத எடத்துக்கு வந்து, இப்பச் சொன்னதை அப்படியே சொல்லணும். சொல்லுவீயளா?”

சொல்கிறேன் என்றேன். ஜனவரியில் அவருடைய அண்ணன் வருகிறார். வக்கீலைப் பார்க்கப் போகிறார்களாம். நான் இந்த ஊரைவிட்டு எங்கும் போகமாட்டேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “சாப்புட்டியா?” என்று கேட்டார்.

உங்கள் கடிதத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை அக்கா. பலமுறை படித்தேன். கையெழுத்து உங்களுடையதுதான். நர்ஸ் சொன்னதைக் கேட்டாயா, குறிப்பைப் படித்தாயா என்று என்னை விடாமல் கேட்டவர் நீங்கள். அவளுக்கு வேறு எங்காவது வேலை கிடைத்துவிடும் என்று எழுதியவரும் நீங்கள். கோபம் இல்லை. அதிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

டேனியல்


ராயகடா,
7.1.2004

டேனியல்,

புது வருடத்தில் உன்னையும் அம்மாவையும் ஆண்டவர் காக்கட்டும்.

உன் கடிதத்தை வார்டில் நின்றே படித்தேன். முடித்ததும் உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலா சிஸ்டர் என்று கேட்டார்கள்.

நவம்பர்க் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? “இது யாருக்கும் தெரியக் கூடாது.” அதுதான் முதலில் தோன்றியது. செத்த மனிதர் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண் நினைவுக்கு வந்தது மறுநாள். பன்னிரண்டு நாள் யோசித்தும் அந்த முதல் நினைப்பைத்தான் எழுதினேன். அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை. என் பேச்சை டாக்டர் கேட்கவில்லை என்று நான் எத்தனை முறை அழுதிருக்கிறேன், அம்மாவைக் கேள். அவள் இடத்தில் நான் நின்றிருக்கிறேன். அப்படியிருந்தும் என் தம்பி என்றதும் அவள் எனக்கு யாரோ ஆகிவிட்டாள். நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரியாது கண்ணு.

நல்லவேளை என் கடிதம் தாமதமாக வந்தது. முன்னால் வந்திருந்தால் நீ அதன்படி நடந்திருப்பாய்.

அதைக் கிழித்துவிடாதே. நான் எழுதியதுதான்.

மார்ச்சில் ஒரு மாதம் லீவு சொல்லியிருக்கிறேன். வக்கீலோ கோர்ட்டோ எதுவானாலும் உன்னோடு வருகிறேன். உன்னைத் தப்ப வைக்க வரவில்லை. பக்கத்தில் நிற்க வருகிறேன்.

நாகஜோதியின் முகவரியை அனுப்பு. அவளுக்கு எழுத வேண்டும். மூன்று நாளாகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். டேனியலின் அக்கா என்று தொடங்குவதா, நானும் ஒரு நர்ஸ் என்று தொடங்குவதா? இரண்டில் எதை முதலில் எழுதினாலும் அடுத்ததை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு என் முத்தங்கள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நிர்மலா